வீட்டு மாத்திரை டப்பாவும் வாசல் நாயும்

"அக்கா, பூனைக்கு உடம்பு சுடுதுங்க. பாப்பாவுக்கு வாங்கின காய்ச்சல் சிரப் ஒரு மூடி கொடுக்கலாங்களா?" ஓசூரிலும் தருமபுரியிலும் செல்லப்பிராணி வளர்க்கும் தோழிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளில் இது மிகச் சாதாரணமானது. பெரும்பாலும் கால்நடை மருத்துவமனை மூடிய பிறகு, இரவில்தான் இது எழும். அதே வீட்டில் வேறொரு நாள் வேறொரு கேள்வி வரும்: "தெரு நாய் பல்லு லேசாப் பட்டுச்சு, ரத்தமே வரல, ஒண்ணும் ஆகாதுல்ல?" இரண்டும் அக்கறையோடு கேட்கப்படுபவைதான். ஆனால் இரண்டின் அடியிலும் ஒரே தவறான எண்ணம் இருக்கிறது. மருந்து என்று வரும்போது பிராணியை வீட்டு மனிதரில் ஒருவராகவே பார்க்கிறோம். நோய் என்று வரும்போதோ, பிராணிக்கு வருவது பிராணியோடு போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. மருந்துகள் பல நமக்கும் அவற்றுக்கும் பொதுவானவை அல்ல. நோய்கள் பல பொதுவானவை.

கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இந்த இரு மாவட்டங்களில் அந்த வேறுபாட்டை அறிந்திருப்பது வேறெங்கையும் விட அவசியம் என்பது என் எண்ணம். ஓசூர் அடுக்குமாடிகளில் லாப்ரடாரும் ஷிட்சுவும் பாரசீகப் பூனையும் வளர்கின்றன. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் ஆட்டுப்பட்டிக்குக் காவலாக நாட்டு நாய் இல்லாத வீடு குறைவு. ஒரே குடும்பத்தில் மகன் ஓசூரில் வேலைக்குப் போக, பெற்றோர் ஊரில் ஆடு மாடு வைத்திருப்பதும், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு அங்கே போய்க் குட்டி நாயோடு புரண்டு விளையாடுவதும் வழக்கம்.

முதலில் அந்தச் சூட்டை எடுத்துக்கொள்வோம். மனித உடலின் இயல்பான வெப்பநிலை 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்க, நாய்க்கும் பூனைக்கும் அது ஏறத்தாழ 100.5 முதல் 102.5 வரை இருக்கும். நலமாக இருக்கும் பூனையின் வயிற்றில் கை வைத்தாலும் நமக்குச் சுடத்தான் செய்யும். மூக்கு காய்ந்திருப்பதும் காய்ச்சலுக்கு அடையாளமில்லை. தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து 103-க்கு மேல் காட்டினால்தான் காய்ச்சலைப் பற்றிப் பேச முடியும். சூட்டை விட நம்பத்தக்க அறிகுறி சாப்பாடு. பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டிருந்தால், காரணம் எதுவாயினும், பட்டினியாலேயே அதன் கல்லீரலில் கொழுப்பு படிந்து நிலைமை மோசமாகிவிடும். "தானாகச் சரியாகிவிடும்" என்று பூனையின் விஷயத்தில் காத்திருக்கக் கூடாது.

இனி அந்த ஒரு மூடி சிரப். பாரசிட்டமால் நமக்கு எவ்வளவு பழகிய மருந்தோ, பூனைக்கு அவ்வளவு கொடிய நஞ்சு. மனிதக் கல்லீரல் இம்மருந்தின் பெரும்பகுதியைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அந்த இணைப்பைச் செய்யும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. வெளியேற வழியில்லாத மருந்து நச்சுப் பொருளாக மாறி, இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயு சுமக்க இயலாததாக ஆக்கிவிடுகிறது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே நஞ்சேறிய பூனைகள் கால்நடை மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளன. குழந்தைகளுக்கான சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் மருந்து இருக்கும். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு மூடி கொடுத்தால் அது அந்த அளவைப் போல மூன்று மடங்கு. சில மணி நேரத்தில் ஈறு ரோஜா நிறம் இழந்து பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் கருக்கும். கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தவுடனே, அறிகுறிக்குக் காத்திராமல், மருத்துவரிடம் ஓட வேண்டும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன், மனிதர்கள் பாரசிட்டமாலை அளவு மீறி விழுங்கிவிட்டால் கொடுக்கப்படும் அதே மருந்துதான். நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் பூனையையும் அது காப்பாற்றும். அன்பினால் கொடுத்த ஒரு மூடியால் ஒரு பூனை மூச்சுத் திணறுவதை விடக் கொடுமையான காட்சி வீட்டில் வேறு இருக்க முடியாது. அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

நாய்க்கு வலி மாத்திரைகளால்தான் ஆபத்து அதிகம். பாட்டியின் முழங்கால் வலிக்கு வாங்கிய இபுபுரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் குடலில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நொண்டுகிற நாய்க்கு அரை மாத்திரை கொடுத்த மறுநாள் அது கறுப்பாக மலம் கழித்தால், உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். டைக்ளோஃபெனாக் ஓர் உயிருக்குப் பொருந்தி இன்னோர் உயிரைக் கொல்லும் என்பதற்கு இந்த நாடே சாட்சி. மாடுகளுக்கு வலி தீர்க்கப் போட்ட அம்மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. இது 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் உறுதியானது; மாட்டுக்கு அதைப் பயன்படுத்துவதை இந்தியா 2006-இல் தடை செய்தது. அதன் பின்னரும் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போடப்பட்டதால், 2015-இல் 3 மில்லிக்கு மேற்பட்ட குப்பிகளே நிறுத்தப்பட்டன. தமிழகத்தில் அக்கழுகுகளைக் காண இன்று மோயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும்.

வேண்டுமென்று கொடுக்காமலே நேர்கிற விபத்தும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாசலுக்கே வருவது பெரும் பேறு. ஆனால் இதனால் வீடுகளில் மாத்திரை அட்டைகள் முன்னை விட அதிகமாக இருக்கின்றன. கட்டிலோரத்தில், டிவி மேசையில், நாய்க்கு எட்டுகிற உயரத்தில். பல் முளைக்கும் குட்டி அட்டையோடு கடித்துத் தின்றுவிடும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை நாயின் இரத்தச் சர்க்கரையை மயங்கி விழும் அளவுக்குக் குறைத்துவிடும். ஆம்லோடிபின் இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். காலியான அட்டையைக் கையோடு மருத்துவரிடம் கொண்டுபோவது, என்ன தின்றது என்று வாயால் விளக்குவதை விட நூறு மடங்கு பயன் தரும். முயல் வளர்ப்போருக்கும் ஒரு வார்த்தை: மீதமிருக்கும் அமாக்சிசிலினை வாய்வழியே முயலுக்குக் கொடுத்தால் அதன் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, வயிற்றுப்போக்கில் அது இறந்துபோகக்கூடும்.

உணவிலும் இதே கதைதான். கேழ்வரகுக் களியும் தயிரும், வேகவைத்த முட்டையும் நாய்க்கு ஒன்றும் செய்யா. களியின் மேல் ஊற்றும் குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும்தான் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வெந்தாலும் அந்தக் குணம் போவதில்லை. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கிருஷ்ணகிரிக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு, அது மாங்கொட்டை. கோடையில் வீடுதோறும் பழம் குவிந்திருக்கும்போது, சப்பிப் போட்ட கொட்டையை லாப்ரடார் போன்ற பெருந்தீனி நாய் வழவழப்போடு அப்படியே விழுங்கிவிடும். வயிற்றில் தங்கும் வரை ஒன்றும் தெரியாது. சிறுகுடலுக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டதும் தண்ணீரைக் கூட வாந்தியெடுக்கும், மலம் வராது, வயிற்றைத் தொடவிடாது. அந்த நிலையில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்ப்பது குடலைக் கிழிக்கவே உதவும். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தேவையானால் அறுவை செய்துதான் எடுக்க முடியும்.

உண்ணிக்குத் தோட்டத்து மருந்தை அடிக்கும் பழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக்கு அடிக்கும் பூச்சிமருந்து வீட்டிலேயே இருப்பதால், அதைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டிவிடுவோர் உண்டு. தோல் வழியாகவும், உடம்பை நக்கும்போது வாய் வழியாகவும் நஞ்சு இறங்கி, எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கி, உடல் நடுங்கத் தொடங்கும். நாய்க்கென்றே விற்கும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தைப் பூனையின் கழுத்தில் விட்டாலும் வலிப்பு வரும். இப்படி ஒன்று நேர்ந்தால், 1962 என்ற கால்நடை உதவி எண்ணை அழைத்து அருகில் யார் இருக்கிறார்கள் என்றாவது கேட்க வேண்டும்.

மருந்து பொதுவல்ல என்பதற்கு இவ்வளவு போதும். நோய் பொதுவானது என்பதற்குத்தான் நம் வீடுகளில் காது கொடுப்பவர் குறைவு. அதில் முதலிடம் வெறிநாய்க்கடிக்கு. அறிகுறி தோன்றிய பிறகு ஏறக்குறைய உறுதியாக உயிரைக் கொல்லும் நோய் இது. அறிகுறி தோன்றும் முன் ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கக்கூடிய நோயும் இதுதான். கடிபட்டதற்கும் அறிகுறிக்கும் இடையே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் இருக்கும். அதுவே காப்பாற்றிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம்.

அந்த அவகாசத்தைத் தின்றுவிடுவது பெரும்பாலும் பழைய பயம். "தொப்புளைச் சுற்றி ஊசி போடுவாங்க" என்ற பேச்சு இன்னும் ஊர்களில் இருக்கிறது. அது வெறும் கதையன்று. இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் உருவாக்கிய, ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த தடுப்பு மருந்து, வயிற்றில் 14 ஊசிகள் வரை போடப்பட்டது. அதன் வலியைத் தாத்தா பாட்டிகள் அறிந்திருந்தார்கள். அம்மருந்தின் தயாரிப்பு இந்தியாவில் 2005-ஐ ஒட்டி நின்றுபோனது. இப்போது அரசு மருத்துவமனைகளில் போடுவது தோலுக்குள் செலுத்தும் சிறு ஊசி; இரு கைகளிலும் 0.1 மில்லி வீதம், முதல் ஊசி நாளிலிருந்து கணக்கிட்டு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். பணம் வாங்குவதில்லை. கருவுற்ற பெண்ணுக்கும் பாலூட்டும் தாய்க்கும் தயங்காமல் போடலாம். பத்தியம் எதுவும் கிடையாது. கறி தின்றால் ஊசி வேலை செய்யாது என்று சொல்லி நான்கு வாரம் குழந்தையை வாடவிடுவது வீண்.

ஊசிக்கும் முன்னால் செய்ய வேண்டியது, கடித்த இடத்தைக் குழாய் நீரோட்டத்தில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுவது. 15 நிமிடம் என்பது அழுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு நீண்ட நேரம்தான், ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்தே கழுவ வேண்டும். அந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடுகிறது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பக் கூடாது. இரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. அது உடலில் எதிர்ப்பாற்றலை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினைக் காயத்தைச் சுற்றிலுமே போட வேண்டும். அது எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்காது. தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னால், அலைக்கழிக்கிறார்கள் என்று எண்ணித் திரும்பிவிடாமல் போய்விட வேண்டும். கடித்தது வீட்டு நாயோ பூனையோ என்றால் அதை அடித்துக் கொன்றுவிடவும் கூடாது. பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கலாம். நோயைப் பரப்பும் நிலையில் இருக்கும் நாய் பத்து நாளுக்குள் நோயுற்றோ இறந்தோ போகும். ஆனால் ஊசியை அந்தப் பத்து நாளுக்காகத் தள்ளிப்போடக் கூடாது. தொடங்கிவிட்டு, பின்னர் தொடர்வதை மருத்துவர் முடிவு செய்வார்.

குழந்தைகள் இதை மறைப்பார்கள் என்பதையும் பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டும். குட்டியைச் சீண்டியதற்கு அடி விழும் என்று பயந்து கீறலைச் சட்டைக் கைக்குள் ஒளித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, "சொன்னால் திட்ட மாட்டேன்" என்ற உறுதி எந்தத் தடுப்பூசிக்கும் குறைந்ததில்லை.

நகரவாசிகள் அறியாத இன்னொரு வழியும் உண்டு. வெறிநாய் கடித்த பசுவுக்கும் இந்நோய் வரும். அப்போது பசு தீனி எடுக்காது, வாயில் எச்சில் நூலாக ஒழுகும், அடித்தொண்டையில் வேறு குரலில் கத்திக்கொண்டே இருக்கும். மாங்கொட்டையோ கிழங்கோ தொண்டையில் சிக்கியிருக்கும் என்று எண்ணி, வீட்டுக்காரர் கையை முழங்கை வரை அதன் வாய்க்குள் விட்டுத் துழாவுவார். விரலில் அரிவாள் கீறலோ நகக்கண்ணில் புண்ணோ இருந்தால், நாய் கடித்ததற்கும் அதற்கும் வேறுபாடில்லை. சில நாளில் பசு இறந்து விஷயம் தெரிந்ததும், ஊரே பயப்படுவது பால் குடித்ததை எண்ணித்தான். காய்ச்சிய பாலில் கிருமி தங்காது. காய்ச்சிய பாலைக் குடித்தவர்களுக்கு ஊசி தேவையில்லை. வாய்க்குள் கை விட்டவருக்குத்தான் அன்றே தேவை. ஆனால் அவரோ "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, புள்ளைங்க பால் குடிச்சதுதான் கவலை" என்பார். எச்சில் ஒழுக்கும் மாட்டின் வாயில் கையுறை இல்லாமல் கை வைக்கக் கூடாது என்பதைப் பட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்ல வேண்டும்.

வெறிநோய்க்குக் காட்டாத பயத்தைப் பூனைக்குக் காட்டுவதும் நடக்கிறது. மருமகள் கருவுற்றதும் முதல் வேலையாகப் பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்த் தொலைவில் விட்டுவிடுகிறார்கள். பயத்துக்குக் காரணம் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. கருவுற்ற காலத்தில் தாய்க்கு முதன்முறையாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கக்கூடியது, ஆகவே பயம் ஆதாரமற்றதன்று. ஆயினும் பூனை பெரும்பாலும் முதன்முறை தொற்றும்போது ஒன்றிரண்டு வாரம் மட்டுமே அதை மலத்தில் வெளியேற்றும். அதுவும் வெளியே வந்து ஒரு நாளாவது கிடந்த பிறகுதான் தொற்றும் நிலையை அடையும். எனவே தினந்தோறும், வேறொருவர் கையால், மலத்தை அகற்றிவிட்டால் ஆபத்து பெரிதும் நீங்கும். அரைவேக்காட்டுக் கறியும், கழுவாத கீரையும், வெறுங்கையால் மண்ணைக் கிளறுவதும் மடியில் படுத்திருக்கும் வீட்டுப் பூனையை விடக் கவனிக்க வேண்டியவை.

குடற்புழுவைப் பற்றிச் சொல்லும்போது கிடா வெட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆட்டை உரிக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ நீர் நிறைந்த வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தால், அந்தப் பகுதியை அறுத்து, "இது நமக்கு வேணாம்" என்று வாசலில் காத்திருக்கும் நாய்க்கு எறிவார்கள். அந்தக் கொப்புளத்துக்குள் இருப்பவை எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் இளம் பருவங்கள். நாயின் குடலில் அவை வளர்ந்து முட்டையிட, மலம் வழியே முட்டை முற்றத்து மண்ணில் கலந்து, நாயின் மயிரில் ஒட்டி, அதைத் தடவிய குழந்தையின் விரல் வழியே வாய்க்குப் போகிறது. ஆட்டின் ஈரலில் இருந்த அதே கொப்புளம், பல ஆண்டுகள் கழித்து, அந்தக் குழந்தை பெரியவளான பிறகு அவள் கல்லீரலில் கட்டியாக ஸ்கேனில் தெரியும். அந்த ஈரலை நாய்க்கு எட்டாமல் எரிப்பதோ ஆழக் குழி தோண்டிப் புதைப்பதோ போதும். நாய்க்கு மூன்று மாதத்துக்கொரு முறை குடற்புழு மருந்து கொடுக்கும்போது, பிராசிகுவான்டல் கலந்ததாகக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் உருளைப்புழு மருந்து இதைத் தொடாது.

கிருமி இல்லாமலே பொதுவாகும் நோய் ஒன்றும் தருமபுரி மண்ணில் உண்டு. இங்கே ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களில் பழுப்புக் கறையும் எலும்பில் விறைப்பும் உண்டானதால்தான், ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. காய்ச்சினால் அது குறையாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடவே செய்யும். இப்போது அடுப்படிக் குடத்தில் ஒகேனக்கல் நீரும், மாட்டுத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரும் இருக்கும் வீடுகள் உண்டு. ஃபுளோரைடு மாட்டின் பல்லையும் எலும்பையும் அதே போலத்தான் தாக்குகிறது: பல் தேய்ந்து தீனி மெல்ல முடியாமல் இளைப்பதும், காரணமின்றி நொண்டுவதும் அதன் அடையாளங்கள். எல்லா மாட்டுக்கும் குடிநீர் கொடுக்க இயலாது என்பது எனக்குத் தெரியும். பல் முளைக்கும் கன்றுக்காவது நல்ல நீரை ஒதுக்குவது கைக்கு எட்டிய காரியம்.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் பயனில்லாமல் போகும் இடம் மருத்துவரின் அறை. உடம்புக்கு முடியாமல் போகிறவர், வீட்டில் என்ன வளர்க்கிறோம் என்பதைச் சொல்வதில்லை. கூட்டமான வெளிநோயாளர் பிரிவில் அதைக் கேட்க மருத்துவருக்கும் நேரமிருப்பதில்லை. புருசெல்லா கிருமியால் வரும் நோய் அதனாலேயே தப்பித்துக்கொள்கிறது. குறைமாதத்தில் குட்டி போட்ட ஆட்டுக்கு வெறுங்கையால் நஞ்சுக்கொடி எடுத்தவருக்கும், ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் குடித்தவருக்கும் அது வரும். மாலையில் காய்ச்சல் ஏறி, இரவில் வியர்வையில் படுக்கை நனைந்து, விடிந்ததும் தணிந்துவிடும். இடுப்பும் மூட்டும் விட்டுவிட்டு வலிக்கும். டைபாய்டு என்று ஒரு வாரம், சாதாரணக் காய்ச்சல் என்று ஒரு வாரம் என மாத்திரைகள் மாறிக்கொண்டே இருக்க, மாதங்கள் போய்விடும். உரிய இரத்தப் பரிசோதனை செய்து கண்டுபிடித்தால் இரண்டு ஆன்டிபயாட்டிக் மருந்துகளை ஆறு வாரம் சேர்த்துச் சாப்பிட்டுக் குணமாகலாம். "வீட்டுல ஆடு இருக்குங்க, போன மாசம் ரெண்டு குட்டி செத்துப் பொறந்துச்சு, நான்தான் கையில எடுத்தேன்" என்று நோயாளி சொன்னால்தான் அந்தப் பரிசோதனையை எழுதும் எண்ணம் மருத்துவருக்கு எழும்.